ரா-வில் எடுத்த கல்யாணம்

திருத்தணி பேருந்து நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. எங்கள் என்று சொல்கிறேனே தவிர, அது என் அக்கா வீட்டுக்காரருடையது. அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் அக்கா கணவருக்கு அதுதான் முறை. கல்யாணமாகி நானும் இதே ஊரில் குடியேறியபோது, கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று பாவா என்னை ஸ்டுடியோவில் உட்கார வைத்தார். அவர் எடுத்து வரும் படங்களைச் சரிசெய்வது, ஆல்பம் பக்கங்களை அடுக்குவது, அச்சுக்கு அனுப்புவது, இவைதான் என் வேலை.

கேமரா என் கைக்கு வந்தது ஒரு முகூர்த்த நாளில். பாவாவோடு இரண்டாவது கேமரா பிடித்துக்கொண்டிருந்தவர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறு ஆள் அமையவில்லை. முதல் நாள் சாயங்காலம் பாவா கேமராப் பையை என் மேசைமேல் வைத்து, "நாளைக்கு நீயே வந்துடு. பொண்ணு ரூமுக்குள்ள என்னை எப்படியும் நிக்க விட மாட்டாங்க. நீ நின்னு எடு" என்றார். போனேன், எடுத்தேன். அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வீட்டில் "அந்தப் பொம்பள போட்டோகிராபர் வருவாங்களா" என்று கேட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் ஸ்டுடியோ எடுக்கும் கல்யாணங்களில் நான் போகாதது குறைவு. மேடையில் கேமராவோடு ஏறும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது பிடித்திருக்கிறது.

கேமரா மெனுவில் ஓர் இடம் உண்டு. படத்தை ஜேபெக்காகச் சேமிக்கவா, ராவாகச் சேமிக்கவா என்று அது கேட்கும். ஜேபெக் என்றால் கேமராவே படத்தை முடித்துக் கொடுத்துவிடும். எது வெளுப்பு, எது கறுப்பு, முகம் என்ன நிறம் என்று அதுவே தீர்மானித்து, மிச்சத்தை வீசிவிட்டு, சின்னதாகச் சுருக்கித் தரும். ரா என்றால் கேமராவுக்குள் விழுந்த வெளிச்சம் அத்தனையும் அப்படியே இருக்கும். பார்க்கும்போது மங்கலாக, சோகை பிடித்தது மாதிரி தெரியும். கோப்பும் பெரிது. கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்து முடித்தால்தான் அது படமாகும்.

பாவா தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஜேபெக்தான். அதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன, எல்லாம் நியாயமான காரணங்கள். முகூர்த்த நாளில் காலையில் மலைமேல் முருகன் கோயிலில் ஒரு தாலி, சாயங்காலம் மண்டபத்தில் வேறொரு வரவேற்பு என்று ஓட வேண்டியிருக்கும். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுவதற்குள் போனில் படம் வேண்டும் என்பார்கள். ஸ்டுடியோ கம்ப்யூட்டரும் புதிதல்ல. நான் ராவைப் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம் அவர் சிரிப்பார்.

"ஆக்கின சோறு கைக்கு வருது. அத்த உட்டுட்டு இன்னாத்துக்குமா அரிசி மூட்டைய தூக்கினு வரணும்?"

"சோத்துல உப்பு அதிகமாயிட்டா எடுக்க முடியாதே பாவா."

"நான் போட்ற உப்பு என்னைக்கு அதிகமாச்சு?"

அதுவும் உண்மைதான். அவர் அளவு தெரிந்தவர். ஆனால் அவர் எடுத்து வந்த படங்களோடு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவள் நான். அவை எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். மணப்பெண்ணின் கூந்தலுக்குள் நிழலைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் திறந்தால் அங்கே முடி இருக்காது, மண் மாதிரி கட்டி கட்டியாக வரும். வெள்ளை வேட்டியில் வெயில் பட்டிருந்தால் மடிப்பே இருக்காது, காகிதம் மாதிரி வெறுமையாக இருக்கும். கேமரா வீசிவிட்டது வீசிவிட்டதுதான்.

எனக்கு அது கண்கூடாகத் தெரிந்தது மலைமேல், ஒரு கிருத்திகை நாளில். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரும் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். உச்சி வெயில். ஜேபெக்கும் ராவும் சேர்ந்தே பதியும்படி வைத்து எடுத்துப் பார்த்தேன். ஸ்டுடியோவுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். ஜேபெக்கில் எல்லாத் தலையும் வெள்ளைப் பந்து. ராவில் வெளிச்சத்தைக் கீழே இறக்கினேன். சந்தனம் சந்தன நிறமாகத் திரும்பி வந்தது. அப்புறம், அதைப் பூசிய விரல்களின் தடம் ஒவ்வொன்றாகத் தலைமேல் தெரிந்தது. சின்னப் பெண்ணின் தலையில் மட்டும் தடங்கள் மெல்லியதாக இருந்தன. அவளுக்கு அவள் அம்மா பூசியிருக்க வேண்டும். நான் நாற்காலியைவிட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குள் முடிவாகிவிட்டது. பாவாவுக்குத்தான் இன்னும் முடிவாக வேண்டியிருந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஓர் அப்பாவும் பெண்ணும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். பெண், திருவள்ளூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கபடி ஆடி வளர்ந்த உடம்பு என்று உட்காரும்போதே தெரிந்தது. நல்ல கறுப்பு. மைதானத்தில் நிற்கிறவர்களுக்கு வருமே, நெற்றியும் கன்னமும் மினுமினுக்கும் கறுப்பு. மாப்பிள்ளை வீடு நகரி. தாலி மலைமேல், வரவேற்பு கீழே மண்டபத்தில்.

பாவா ஆல்பம் மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா பக்கங்களைப் புரட்டியபடி, மெதுவாக, பெண்ணுக்குக் கேட்காதது மாதிரி சொன்னார்.

"கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுத்துக் குடுங்க சார். மாப்ள வூட்டுல எல்லாம் கொஞ்சம் வெளுப்பு."

பாவா தலையாட்டினார். அது எல்லோரும் கேட்பது. அந்த வேலை வரவேண்டியது என் மேசைக்குத்தான்.

பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. "நைனா, நீ கொஞ்சம் சும்மா இரு" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு பாவாவைத் தாண்டி என்னைப் பார்த்துப் பேசினாள். "அக்கா, நீங்கதான கம்ப்யூட்டர்ல பண்றது?"

"ஆங், நான்தாம்மா."

"நிச்சயதார்த்தத்துக்கு வேற ஊர்ல சொல்லி எடுத்தோம். மாவுல முக்கி எடுத்த மாதிரி பண்ணிட்டாங்க. ஸ்கூல்ல பசங்க கேட்டாங்கன்னு போன்ல காட்னேன். ஆறாவது படிக்கற ஒருத்தி பார்த்துட்டு, மிஸ், இது உங்க அக்காவான்னு கேக்குறா. எனக்கு அக்காவே இல்ல." அவள் சிரிக்கவில்லை. "நான் எந்த நிறத்துல கீறேனோ அந்த நிறத்துல வேணும். வெளுப்பாவும் வேணா, இன்னும் கறுப்பாவும் வேணா. முடியுமா?"

அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு என் சொந்த ஆல்பம் ஞாபகம் வந்தது. அதில் என் முகம் ரோஜா நிறம். கழுத்துக்குக் கீழே இன்னொருத்தி. அக்கா அதைத் திறக்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் இப்படிக் கேட்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

"முடியும்" என்றேன். பாவாவைக் கேட்காமல் நான் ஒரு வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போன பிறகு பாவா கதவுப் பக்கம் பார்த்தபடி, "இன்னாமா, வாக்கு குடுத்துட்டே" என்றார்.

"ராவுல எடுக்கலாம் பாவா. கேமராவே முகத்தை வெளுப்பாக்கிக் குடுக்குது. நெழல்ல இருந்தா அப்படியே கரியாக்கிடுது. அந்தப் பொண்ணு நிறத்துக்கு ரெண்டுமே ஆவாது. ராவா இருந்தா நான் பாத்துக்குவேன்."

"அன்னைக்கு நல்ல முகூர்த்தம். கார்டு ரொம்பிடும். அப்பால உக்காந்து அத்தனையும் யாரு முடிக்கறது?"

"நான்தான் முடிப்பேன்."

அவர் கொஞ்ச நேரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "செரி. உன் கேமரா, உன் இஷ்டம். என் கேமராவுல நான் எப்பவும் போலதான். ஒருத்தராவது கையில படத்தோட வரணும் இல்ல."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அப்படியே முடிவானது.

கல்யாணத்தன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் போய்விட்டேன். மணப்பெண் அறையில் அரக்கோணத்திலிருந்து வந்திருந்த பியூட்டிஷியன் வேலையைத் தொடங்கியிருந்தார். கைதேர்ந்தவர். கண்ணுக்கு மை தீட்டியதைப் பார்த்தபோதே தெரிந்தது. ஆனால் முகத்துக்குப் போட்ட பூச்சு பெண்ணின் நிறத்தைவிட வெளுப்பு. காதுக்குப் பக்கத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது, கரை மாதிரி. அதைத் திருத்தச் சொல்வது என் வேலையில்லை. பெண் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இத்த தொடச்சிட்டு என் கலருக்குப் போடுங்க" என்றாள்.

"டல்லா தெரியும்டா செல்லம்."

"பரவால்லக்கா. தெரிஞ்சா நான் தெரியட்டும்."

பியூட்டிஷியன் என்னைப் பார்த்தார். "கேமரால எப்படிங்க வரும்?"

"நல்லா வரும்" என்றேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை. சொன்னது சொன்னதுதான். அவர் பெருமூச்சு விட்டுப் பஞ்சை நனைத்தார். துடைத்துவிட்டுப் பெட்டியின் அடியிலிருந்து வேறொரு குப்பியை எடுத்தார், அதிகம் கை படாத குப்பி. அதைப் போட்டு முடித்ததும் அவரே ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்தார். "அட, இதுவே நல்லாத்தான் கீது" என்றார். நான் பெண்ணை முற்றத்துக்கு அழைத்துப் போய், திறந்த வெளிச்சத்தில், ஒரு சாம்பல் நிற அட்டையைக் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டரில் நிறம் பிடிக்க அது எனக்கு அளவுகோல்.

மலைமேல் கூட்டம் நெரிந்தது. நல்ல முகூர்த்தம் என்றால் அங்கே ஒரே நேரத்தில் பல ஜோடிகள் மாலையோடு நிற்கும். ஒரு கல்யாணத்தின் மேளம் இன்னொரு கல்யாணத்தில் கேட்கும். எங்கள் ஜோடிக்குக் கிடைத்த இடம் கோயில் மண்டபத்தின் ஓரம். அவர்களுக்குப் பின்னால் தூண்களுக்கு நடுவே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. பாவா நேர் எதிரே இடம் பிடித்து ஃபிளாஷ் போட்டார். எனக்கு எதிரே இடமில்லை. சொந்தக்காரர்கள் போனைத் தூக்கிக்கொண்டு சுவர் மாதிரி நின்றார்கள். குனிந்து புகுந்து பெண்ணுக்குப் பக்கவாட்டில் முழங்காலிட்டேன்.

கெட்டிமேளம் கேட்டது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். எல்லாப் போனும் தாலியைப் பார்த்தபோது பெண் தலையைத் திருப்பி நைனாவைத் தேடினாள். அவர் அவள் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அவரைக் கண்டதும் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆட்டத்தில் கோட்டைத் தாண்டப் போகிற நேரத்தில் அவள் அப்படித்தான் செய்வாள் என்று பிறகு அவர் சொன்னார். நான் அழுத்தினேன். பின்னால் வெயில், முகம் முழுக்க நிழல். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் ஒரு கறுப்பு உருவம், சுற்றிலும் வெள்ளை. ஜேபெக்காக இருந்திருந்தால் அந்தப் படத்தை அங்கேயே மறந்திருப்பேன்.

படி இறங்கும்போது பாவா என் திரையை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் கேமராவிலிருந்து மாப்பிள்ளையின் தம்பி போனுக்குப் படம் அனுப்பிக்கொண்டே நடந்தார். நாங்கள் மண்டபம் சேர்வதற்குள் நகரியிலும் பொதட்டூர்பேட்டையிலும் தாலி கட்டிய படத்தைப் பார்த்துவிட்டார்கள். அந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. அந்தச் சந்தோஷம் அந்த நேரத்துக்குத்தான் உண்டு. அதை நாளைக்குக் கொடுக்க முடியாது.

சாயங்காலம் வரவேற்பு மேடையில் வேறு சிக்கல். அலங்காரக்காரர்கள் கத்தரிப்பூ நிறத்திலும் ரோஸிலும் விளக்கு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை முகம் ரோஸாக இருந்தது. பெண்ணின் முகம் எந்த நிறமென்றே சொல்ல முடியவில்லை. ராவில் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் அது தப்பு. விழாத நிறத்தை எந்தக் கோப்பும் கொண்டுவராது. நான் மேடையிலிருந்து இறங்கி, விளக்குக்காரரிடம் போனேன்.

"அண்ணா, ஜோடிய தனியா எடுக்கறேன். அதுவரைக்கும் இந்தக் கலர் லைட்ட நிறுத்திட்டு வெள்ளை மட்டும் போடுங்க."

"டெகரேஷன் எடுப்பா தெரியாதும்மா."

"டெகரேஷன அப்பால படம் எடுத்துக்கலாம். பொண்ணு இப்பதான் நிப்பாங்க."

அவர் பாவாவைப் பார்த்தார். பாவா மேடையிலிருந்தே, "அவங்க சொல்றத செய்ப்பா" என்றார். வெள்ளை விளக்கு எரிந்தது. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறவர். "அம்மா, பொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் பளிச்சுனு வர மாதிரி செய்ங்கம்மா, ஏமி?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை அந்த முகத்தில். மருமகளுக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். "நல்லா வரும்மா" என்று அவருக்கும் சொன்னேன். காலையில் சொன்ன அதே வார்த்தை. இந்தத் தடவை எனக்கே அதில் நம்பிக்கை இருந்தது.

அடுத்து வந்த நாட்கள் கம்ப்யூட்டர் முன்னால் கழிந்தன. காலையில் என் வீட்டுக்காரரை அரக்கோணத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்தால், மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வந்து தோளைத் தொட்டால்தான் எழுவேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோப்பையும் திறக்க யோசித்தது. முற்றத்தில் எடுத்த அட்டைப் படத்தை ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பெண்ணின் நிறத்தைப் பிடித்தேன். கறுப்பு ஒரு நிறமில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் நெற்றியில் கொஞ்சம் செம்பு ஓடியது. கன்னத்துக்குக் கீழே நாவல்பழத்தின் சாயல். பட்டுப் புடவையின் அரக்குச் சிவப்பு கழுத்தில் எதிரொலித்த இடத்தில் வேறொரு சூடு. இத்தனையையும் ஜேபெக் ஒரே பழுப்பாகப் பூசிவிடும். நான் அவற்றை வெளுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. இருந்தவற்றை இருக்க விட்டேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது.

மலைமேல் எடுத்த அந்தப் படத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பயமாக இருந்தது. திறந்தேன். கறுப்பு உருவம், வெள்ளை வானம். முதலில் வெளிச்சத்தை இறக்கினேன். தூண்களுக்கு வெளியே, வெள்ளையாக இருந்த இடத்தில் மலைச்சரிவும் கீழே ஊரின் கூரைகளும் வந்தன. பிறகு நிழலை மெல்லத் திறந்தேன். முதலில் மூக்குத்தி. அப்புறம் கடித்த உதடு. அப்புறம் கண், அதில் நைனாவின் வெள்ளைச் சட்டை ஒரு புள்ளியாக. அவளுக்குப் பின்னால் அவர் முகம், அழுகையை அடக்க வாயை இறுக்கிக்கொண்டு. முடி முடியாக இருந்தது. பூ பூவாக இருந்தது. இருட்டைத் திறந்ததால் படம் கொஞ்சம் பொடிப்பொடியாகத் தெரிந்தது, அதையும் நான் முழுக்கத் துடைக்கவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் பாவா வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"இது எந்த எடத்துல எட்த்தது?"

"மலை மேல பாவா. தாலி கட்டறப்போ. நீங்க எதுருல நின்னுகினு இருந்தீங்களே."

அவர் தன் படங்களைத் திறக்கச் சொன்னார். அதற்கு அடுத்த நொடி. தாலி தெளிவாக இருந்தது, எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். பெண்ணின் முகம் ஃபிளாஷில் பளபளத்து ஒரே தட்டையாக இருந்தது. பாவா கொஞ்சம் பிடிவாதக்காரர்தான், ஆனால் படம் என்று வந்துவிட்டால் பொய் சொல்ல மாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ இத்த ஜேபெக்ல எட்த்திருந்தா?"

ராவிலிருந்து கேமரா எப்படி ஜேபெக் செய்திருக்குமோ அப்படி ஒன்றைச் செய்து, அதே அளவு நிழலைத் திறந்து காட்டினேன். முகம் சாம்பல் கட்டியாக உடைந்தது. வானம் வெள்ளையாகவே இருந்தது. அவர் ரொம்ப நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படத்த ஆல்பத்துல ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் பெருசா போடு" என்றார். "தாலி படத்த சின்னதாக்கு."

எங்கள் ஸ்டுடியோவில் தாலிப் படத்தைச் சின்னதாக்கச் சொல்லி அவர் வாயிலிருந்து வந்தது எனக்குப் பெரிய விஷயம். அவர் எழுந்து போன பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தேன்.

ஆல்பம் வந்ததும் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். பெண், மாப்பிள்ளை, அவர் அம்மா, பெண்ணின் நைனா. மாப்பிள்ளையின் அம்மாதான் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் ஆல்பத்தை விரித்தார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில பக்கங்களை வேகமாகப் புரட்டினார். பிறகு வேகம் குறைந்தது. ஒரு பக்கத்தில் நிறுத்தி, படத்தைப் பார்த்தார், எதிரே நின்ற மருமகளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"நம்ம கோடலு அப்படியே கீது" என்றார். மருமகளைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். பிறகு என்னிடம், "ஆனா பூஜை ரூம் பக்கத்துல மாட்டறதுக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் கொஞ்சம் வெளுப்பா..." என்று இழுத்தார்.

பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை, அத்த மாட்டினா வர்றவங்க எல்லாம் யாரிதுன்னு கேப்பாங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். "ஆங், அதுவும் சரிதான். எனக்கு எதுக்கு அந்த வேலை" என்று சிரித்துவிட்டார். மாப்பிள்ளை அதுவரை பேசாமலிருந்தவர், "அம்மா, அந்தப் பெரிய படத்த திருப்புங்க" என்றார்.

திருப்பினார்கள். மலைமேல் எடுத்த படம், இரண்டு பக்கத்துக்கும் விரிந்து. பெண்ணின் நைனா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து குனிந்தார். கலராக வரும்படி எடுக்கச் சொன்னவர் அவர்தான். தன் மகளின் முகத்தை விரலால் தொடப் போய், படத்தில் கறை படும் என்று கையை இழுத்துக்கொண்டார்.

"எங்க அம்மா மாதிரி கீறா" என்றார். "இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்ல."

பெண் என்னைப் பார்த்தாள். கபடிக்காரி, அவ்வளவு எளிதில் கலங்குகிறவள் இல்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்குவது மாதிரி, உறுதியாக. எனக்கு அந்த அழுத்தம் சாயங்காலம் வரைக்கும் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வெளுப்பாக்கித் தரச் சொல்லி இன்றைக்கும் கேட்கிறார்கள். சிலருக்குச் செய்து கொடுக்கிறோம், அவர்கள் கல்யாணம், அவர்கள் விருப்பம். ஆனால் அந்தப் பெரிய படத்தின் ஒரு பிரதியை, பெண் வீட்டாரின் சம்மதத்தோடு, பாவா ஸ்டுடியோ கண்ணாடிக்குள் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "இதே மாதிரி, உள்ளது உள்ளபடி" என்று கேட்கிற பெண்கள் வரத் தொடங்கினார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து, திருவாலங்காட்டிலிருந்து, ஒருத்தி மணவூரிலிருந்து தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு. கேட்கும்போது குரலைத் தாழ்த்துவதில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

புது கம்ப்யூட்டர் வந்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பு பாவா தன் கேமராவை என்னிடம் நீட்டி, "இதுலயும் மாத்திக் குடு. ஆனா ஜேபெக்கும் சேந்து வுழணும். பந்தியில கேப்பாங்க" என்றார். இரண்டும் பதியும்படி வைத்துக் கொடுத்தேன். இப்போது எங்கள் ஸ்டுடியோவில் அப்படித்தான்: அன்றைக்கே போனில் அனுப்ப ஜேபெக், ஆல்பத்துக்கு ரா. இரண்டு பேர் சண்டையிலிருந்து வந்த ஏற்பாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாண ஆல்பம் அச்சிலிருந்து வந்தது. சரிபார்க்கப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஸ்டுடியோவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் பாவா தானே செய்து அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாமல். ஸ்டுடியோ பெயருக்குக் கீழே 'படங்கள்' என்று போட்டு, முதலில் என் பெயரும் அதற்கடுத்து அவர் பெயரும் இருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கல்லாப் பக்கம் திரும்பி நின்று யாருடனோ போனில் பேசுவது மாதிரி இருந்தார். அக்காதான் என் கையிலிருந்து ஆல்பத்தை வாங்கி, கடைக்கு வந்திருந்த இரண்டு பெண்களிடம் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இது என் தங்கச்சி" என்றாள்.